மூன்று பிள்ளைகளும் ஒரு பின்னிருக்கையும்

தோட்டத்து லயத்தின் முன் ஒரு கார் நிற்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. முன்னொரு காலத்தில் லாரியின் பின்புறத்தில் நின்றபடி பட்டணம் போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையசைக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும் கார் வாங்கப் புறப்படும் நம் நண்பர்களை நாம் கவனித்து வருகிறோம். இயந்திரத்தின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், மாதத் தவணை எவ்வளவு, குளிரூட்டி வேலை செய்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பின்கதவைத் திறந்து, பின்னிருக்கையை ஓர் அளவுநாடாவால் அளந்து பார்ப்பவரை மட்டும் நாம் இதுவரை மிக அரிதாகவே கண்டிருக்கிறோம். பிள்ளைகள் பயணம் செய்யப்போவதோ அந்தப் பின்னிருக்கையில்தான்.

இதை எழுத நம்மைத் தூண்டியது பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடந்த நிகழ்ச்சி. பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர், மனைவி மக்களுடன் மருந்தகத்திற்குச் சென்று, தம் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள்: ஆறு வயது மகன், மூன்று வயது மகள், எட்டு மாதக் கைக்குழந்தை. கைக்குழந்தை முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்தது. மகன் பின்னால் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மகளோ இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்தவாறு வந்தாள். செம்மண் சாலையின் வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினார். கார் மாட்டின்மேல் மோதவில்லை, எதன்மேலும் மோதவில்லை. ஆயினும் நின்றுகொண்டிருந்த சிறுமி முன்னே வீசப்பட்டாள். நெற்றியில் நான்கு தையல். தாய் சட்டெனத் தம் தோளைத் திருப்பி முன்பலகையில் முட்டுக் கொடுத்ததால் கைக்குழந்தை தப்பியது.

நாம் அவரைச் சந்தித்தபோது, அவர் கலங்கிய கண்களுடன் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், நான் வேகமாகவே போகவில்லையே! நாற்பதுதானே போனேன்?"

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவராதலின், ஆறுதல் கூறுவதற்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது, ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்ற பொருள் தரையைத் தொடும்போது அடைந்திருக்கும் வேகமாகும். 50 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ பத்து மீட்டர். மூன்று மாடி வீட்டின் உயரம். மாடியின் விளிம்பில் குழந்தையை நிற்க வைக்க எந்தத் தாயும் ஒப்பமாட்டாள். ஓடும் காரில் நிற்க வைப்பதை மட்டும் நாம் பிழையாகவே எண்ணுவதில்லை.

மடியில் வைத்திருந்தால் தாயின் கை காக்காதா என்பது அடுத்த கேள்வி. காத்தது உண்மைதான், ஆனால் அது வெறும் பிரேக்கு. அதே கார் அதே வேகத்தில் ஒரு மரத்தில் மோதி, அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிட்டது என்று கொள்வோம். அப்பொழுது எட்டு கிலோ எடையுள்ள குழந்தை, தாயின் கைகளைப் பிய்த்துக்கொண்டு போக இழுக்கும் விசை ஏறத்தாழ நூறு கிலோ எடைக்குச் சமம். பால் நிரம்பிய பெரிய வாளிகள் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, எதிர்பாராத நொடியில் கையிலிருந்து பிடுங்கினால் எப்படியிருக்கும் என்பதை நம் தோட்டத்துச் சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்பு குறைந்ததால் கை நழுவுவதில்லை. அந்தப் பாரத்தைத் தாங்கும் கை எவருக்கும் இல்லை.

இதனை முன்னிட்டே மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, தனியார் கார்களில் பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. பின்னிருக்கையில் அமரும் பெரியவர்களுக்கு வார்ப்பட்டை கட்டாயமானது அதற்கு முன்பே, 2009-இல். குழந்தை இருக்கை விதி வந்த தொடக்கக் காலத்தில், சம்மன் கொடுப்பதைவிட எடுத்துச் சொல்வதற்கே அதிகாரிகள் முதலிடம் தந்தனர். அதனால் அது சட்டமே அன்று என்று எண்ணிவிட்டவர்களும் உண்டு. அவ்வெண்ணம் தவறு. மாட்டுக்கும் மரத்துக்கும் சலுகைக் காலம் கிடையாது என்பது வேறு செய்தி.

இனி இருக்கைகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால்தான் காரைத் தேர்ந்தெடுக்க முடியும். குழந்தை இருக்கை என்பது ஒரே பொருளன்று. பிள்ளை வளர வளர அதுவும் மாறும். கைக்குழந்தைக்கு உரியது, காரின் பின்புறத்தை நோக்கி, அதாவது வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி வைக்கப்படுவது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு, கழுத்தோ இளந்தண்டு. வண்டி திடீரென நின்றால் அந்தக் கனத்த தலை முன்னே பாயும். முதுகு காட்டி அமர்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பலகை ஒருசேரத் தாங்கிக்கொள்ளும். குழந்தைக்கு வெளியே வேடிக்கை தெரியவில்லையே என்று வருந்தி, ஆறேழு மாதத்திலேயே திருப்பி வைத்துவிடும் பெற்றோர் பலர். ஆர் 129 என்னும் புதிய அனைத்துலக விதியின்படி, குறைந்தது பதினைந்து மாதம் நிறையும் வரை திருப்பலாகாது. இருக்கை இடங்கொடுக்கும் வரை இன்னும் பிந்துவதே நல்லது.

அடுத்தது, முன்னோக்கி அமர்ந்து, தோள்களிலும் இடுப்பிலும் கால்களுக்கு இடையிலுமாகச் சிறு வார்கள் பூட்டும் இருக்கை. அதற்கும் அடுத்தது பூஸ்டர் எனப்படும் உயர்த்துமணை. கலியாண வீட்டு மணையைப் போல இதுவும் பிள்ளையைச் சற்று உயர்த்தி வைக்கிறது, அவ்வளவுதான். உயர்த்தினால் பெரியவர்களுக்கென அமைந்த வார்ப்பட்டை பிள்ளையின் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவிலும், மென்மையான வயிற்றின்மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலும் படியும். பள்ளிக்கூடம் போகிறான், பெரியவனாகிவிட்டான் என்று ஆறு வயதிலேயே மணையை எடுத்துவிடுகிறோம். ஐரோப்பிய நாடுகளில் 150 சென்டிமீட்டர் உயரம் வரை இது வேண்டும் என்பது பொது விதி. 135 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளவும் நாடுகளுக்கு இடமுண்டு. நம் ஆறு வயதுப் பிள்ளைகளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்து பாருங்கள். எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

ஆகவே அந்தப் பகாவ் குடும்பத்துக்கு வேண்டியவை மூன்று வகையைச் சேர்ந்த மூன்று இருக்கைகள். இங்கேதான் காரின் கதை தொடங்குகிறது.

விபத்துக்குப் பின் அவர் பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க முடிவு செய்தார். நம்மையும் உடன் வரும்படி கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கார் விற்கும் கடை ஒன்றிற்குச் சென்றோம். அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கார் குடியேறியிருந்தது. பின்புறம் பெட்டி நீண்ட, வெள்ளி நிறச் சிறு செடான். கடைக்காரர், "இது ஐந்து பேர் வண்டி. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. உங்கள் கணக்குச் சரியாக இருக்கிறது," என்றார். கணக்கு என்று சொன்னதும் நாம் கையோடு கொண்டுபோன தையற்காரர் நாடாவை வெளியில் எடுத்தோம். கடைக்காரருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

மூன்று இருக்கைகளையும் தெரிந்தவர்களிடம் இரவலாகப் பெற்றுச் சென்றிருந்தோம். குழந்தைக் கூடை 44 சென்டிமீட்டர் அகலம். வார்ப் பூட்டுள்ள இருக்கை 45. முதுகுப்பலகையோடு கூடிய உயர்த்துமணை 41. கூட்டினால் 130. காரின் பின்னிருக்கையில், கதவுக்குக் கதவு, இருக்கை மட்டத்தில் அளந்தபோது 124 தான் இருந்தது. ஆறு சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். அந்த ஆறு சென்டிமீட்டருக்காகக் கதவு மூடவில்லை. அழுத்தி மூடலாம் என்றார் கடைக்காரர். அழுத்தினால் இருக்கைகள் ஒன்றையொன்று நெம்பிக்கொண்டு சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்கும் இருக்கை மோதலின்போது தன் வேலையைச் செய்யாது.

நீளமான கார் அகலமான கார் அன்று என்பதை நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்த பெரோடுவா பெசா 4 மீட்டர் 15 சென்டிமீட்டர் நீளமுடையது. ஆனால் வெளி அகலம் 1 மீட்டர் 62 சென்டிமீட்டர்தான். 2017-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி அதைவிட நீளத்தில் குட்டை. 4 மீட்டரைக்கூட எட்டாது. அகலத்திலோ 11 சென்டிமீட்டருக்கு மேல் பெரியது. 2016-ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 1 மீட்டர் 69. தோட்டங்களில் இன்றும் ஓடுகின்ற பழைய கஞ்சில் காரின் அகலம் சுமார் 1 மீட்டர் 40 தான். அதன் பின்னிருக்கையில் மூன்று குழந்தை இருக்கைகளைக் கற்பனையில்கூட வைக்க முடியாது. வெளி அகலம் ஒரு குறிப்புத்தான். கதவின் தடிப்பு, கைப்பிடியின் புடைப்பு, சக்கரத்தின் மேல்வளைவு ஆகியவை உள்ளே எவ்வளவு தின்றுவிடுகின்றன என்பதை நாடாவே சொல்லும்.

அகலம் போதுமானாலும் வேலை முடிவதில்லை. பூட்டு இருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. வார்ப்பட்டையின் நாக்கு சென்று 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் பூட்டு, இரு இருக்கைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கிடக்கிறது. மூன்று இருக்கைகளை நெருக்கி வைத்தால் அந்தப் பூட்டு அடியில் புதைந்துபோகும். கூடையும் வார்ப் பூட்டுள்ள இருக்கையும் ஒரு முறை பொருத்திவிட்டால் அப்படியே இருக்கும். உயர்த்துமணையில் அமரும் பிள்ளைக்கோ ஒவ்வொரு முறையும் பூட்ட வேண்டும். காலையில் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது, கை நுழையாத சந்தில் பூட்டைத் தேடிச் சலித்து, "சரி, பக்கத்தில்தானே போகிறோம்" என்று விட்டுவிடுவோம். ஆகவே வாங்குவதற்கு முன்பே, மூன்று இருக்கைகளையும் வைத்து, மூத்த பிள்ளையையே உட்கார வைத்து, அவனே பூட்டிப் பார்க்கட்டும். அவன் கைக்கு எட்டினால் பாதி வெற்றி.

நடு இருக்கையின் வார்ப்பட்டையையும் தனியே பார்க்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அங்கே தோளுக்கு வரும் பட்டை கிடையாது. இடுப்பை மட்டும் சுற்றும் பட்டைதான். உயர்த்துமணையை அத்தகைய பட்டையோடு பயன்படுத்தவே கூடாது. உடலின் மேற்பாதியைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பின்னால் வார்ப்பட்டையே இருப்பதில்லை. வார்ப்பட்டை இல்லாத இடத்தில் குழந்தை இருக்கையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்த ஒருவரை நாம் பார்த்திருக்கிறோம். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சவும் முடியவில்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

புதிய கார்களில் ஐசோபிக்ஸ் என்னும் அமைப்பு உண்டு. பின்னிருக்கையின் முதுகும் மணையும் சேரும் இடுக்கில் விரலைவிட்டுத் துழாவினால், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அவை வண்டியின் உடலோடு பொருத்தப்பட்டவை. அதற்குரிய குழந்தை இருக்கையின் கொக்கிகளை அவற்றில் மாட்டிவிட்டால், வார்ப்பட்டையைச் சுற்றிக் கட்டுவதில் நேரும் பிழைகள் பெரிதும் குறையும். ஆனால் இவ்வளையங்கள் பெரும்பாலும் பின்னிருக்கையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கின்றன; நடுவில் இருப்பதில்லை. மேலும், வளையத்தில் மாட்டிய இருக்கையை இப்படியும் அப்படியும் நகர்த்த முடியாது. வார்ப்பட்டையால் கட்டிய இருக்கையையோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் கதவுப் பக்கம் தள்ளி வைக்கலாம். மூன்று இருக்கை வேண்டியவருக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பொன்னுக்குச் சமம். ஆகவே விற்பனையாளர் ஐசோபிக்ஸ், ஐசோபிக்ஸ் என்று அடுக்கினாலும், அதனால் நம் கணக்குத் தீர்கிறதா என்று பார்த்தே தலையசைக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நீளத்தை மறந்துவிடுவோம். பின்னோக்கி வைக்கும் கூடை நிறைய இடம் பிடிக்கும். அதற்கு முன்னுள்ள இருக்கையை முன்னே இழுத்தாக வேண்டியிருக்கும். உயரமானவர் காரோட்டினால், கூடை அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது சரிப்படாது. முழங்கால் வளையத்தில் இடிக்கும். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் செல்வதால், இடப்பக்கக் கதவு சாலையோரத்தைப் பார்த்துத் திறக்கும். கைக்குழந்தையை அந்தப் பக்கத்தில் ஏற்றி இறக்குவதே பொதுவாக நல்லது.

இடம் போதவில்லை என்று கூடையை முன்னிருக்கைக்குக் கொண்டுபோகலாமா? முன்னால் காற்றுப் பை உள்ள காரில் கூடவே கூடாது. மோதலின்போது காற்றுப் பை கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பெரியவரின் நெஞ்சைக் காக்கும் அந்த வேகம், பின்னோக்கிய கூடையின் முதுகில் அறைந்தால் குழந்தையின் உயிருக்கே கேடு. காரின் நிழல்தட்டியில் குறுக்குக் கோடிட்ட படம் ஒட்டியிருப்பது அதைச் சொல்லத்தான். பின்னிருக்கை நிரம்பிவிட்டதெனில், மூத்த பிள்ளையை முன்னிருக்கையில் உயர்த்துமணையில் அமர்த்தி, இருக்கையை இயன்ற மட்டும் பின்னுக்குத் தள்ளி வைப்பது ஒரு வழி. ஆனால் அப்படியானால் தாய் எங்கே உட்காருவாள்?

இந்தக் கேள்வியை அன்று கடையில் எழுப்பியவர் நாம் அல்லர், அவருடைய தாயார். அதுவரை ஒரு மர நிழலில் பேசாமல் நின்றிருந்த பாட்டி, "எல்லாம் சரி தம்பி, பிள்ளைகள் மூன்றையும் கட்டிப்போட்டுவிட்டீர்கள். நான் எங்கே உட்காருவது?" என்றார். பெற்றோர் இருவரும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், மூன்று பிள்ளைகளுக்கும் பசியாற்றி, மருந்தகத்திற்கும் கூட்டிச் செல்வது அந்தப் பாட்டிதான். அவர் இல்லாமல் அந்தக் குடும்பம் எங்கும் போவதில்லை. நாமோ நாடாவும் கையுமாகப் பிள்ளைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: அன்று நாம் போட்ட கணக்கின் முதல் வரியே தவறு. இருக்கைகளை எண்ணும் முன் ஆட்களை எண்ண வேண்டும்.

அவர்கள் ஆறு பேர். மூன்று குழந்தை இருக்கைகள் ஒரே வரிசையில் பொருந்தினாலும் ஐந்து பேர் வண்டி ஆறு பேருக்கு ஆகாது. ஆகவே பேச்சு ஏழு பேர் வண்டிகளின் பக்கம் திரும்பியது. 2009-இல் அறிமுகமான புரோட்டோன் எக்ஸோராவும் பெரோடுவா ஆல்சாவும் இன்று பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன. 2022-இல் ஆல்சாவின் புதிய வடிவம் வந்தது. டொயோட்டா அவான்சா அதற்கும் முந்தியது. எக்ஸோராவின் வெளி அகலம் 1 மீட்டர் 81, இவ்வகையில் அகலமானது. இவற்றுள் எது சிறந்தது என்று நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஒவ்வொரு வண்டியையும் அதன் வயதும் முந்தைய உரிமையாளரின் பராமரிப்பும் வேறு வேறாக ஆக்கிவிடுகின்றன.

ஏழு பேர் வண்டியிலும் சூட்சுமங்கள் உண்டு. மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டுமானால் இரண்டாம் வரிசையின் ஓர இருக்கையை மடிக்க வேண்டும். அந்த ஓர இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால் அது மடியாது, வழி அடைபட்டுவிடும். இரு ஓரங்களிலும் பொருத்தினால் மூன்றாம் வரிசை பெயருக்குத்தான் இருக்கும். எனவே ஓரத்து இருக்கைகளில் ஒன்றையாவது பெரியவர் ஒருவருக்கு விட்டுவைப்பது அறிவுடைமை. மூன்றாம் வரிசையில் ஐசோபிக்ஸ் வளையங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மூன்று முனை வார்ப்பட்டையும் தலைதாங்கியும் இருந்தாக வேண்டும். அவ்வரிசையை விரித்தபின் பொருள் வைக்கும் இடம் மிகச் சுருங்கிவிடும். தைப்பூசத்திற்குப் பத்துமலை போகும் குடும்பத்தின் துணிமூட்டைகளை நினைத்துக்கொண்டு அதனைப் பார்க்கவும்.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏழு பேர் வண்டிக்கு விலையும் பெட்ரோலும் சற்றுக் கூடும். அந்தத் தொழிலாளியின் முகம் வாடியதை நாம் கண்டோம். வெள்ளி நிறச் செடானின் தவணை அவர் சம்பளத்துக்குள் அடங்கியது. இதுவோ சற்றுத் துருத்திக்கொண்டு நின்றது. முடிவில் அவர் இரண்டு வயது கூடிய, ஆனால் அடித்தளம் துருப்பிடிக்காத ஏழு பேர் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை.

பணத்தை மிச்சப்படுத்தவென்று குழந்தை இருக்கையிலேயே கைவைப்பவர்களுக்கு ஒரு சொல். விலை உயர்ந்த இருக்கைதான் பாதுகாப்பானது என்பதில்லை. ஆர் 44 அல்லது ஆர் 129 என்னும் எண்ணும், வட்டத்துள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் பொறித்த ஆரஞ்சு நிறச் சீட்டு அதன் உடலில் ஒட்டியிருக்க வேண்டும். மலிவான இருக்கையானாலும் அந்தச் சீட்டு உண்மையானதாயின், அவ்விதியின் மோதல் சோதனையைக் கடந்து வந்தது என்று பொருள். சீட்டே இல்லாத, துணியும் நாடாவும் மட்டும் கொண்ட சில பொருள்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவதும் தலையணையை வாங்குவதும் ஒன்றே.

பிறர் பயன்படுத்திய இருக்கையை, நமக்கு நன்கு தெரிந்த உறவினரிடமிருந்து பெறலாம். அது விபத்தில் சிக்கியதா என்பதை அவர் மறைக்கமாட்டார். ஒரு முறை மோதலைத் தாங்கிய இருக்கை, வெளியே கீறல் இல்லாவிடினும், மறுமுறை தாங்கும் என்று நம்ப இயலாது. நெடுங்காலம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக்கும் அப்படியே. முன்பின் அறியாதவர் விற்கும் பழைய இருக்கையை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நாம் வாங்கமாட்டோம்.

காரின் உறுதியைப் பற்றி அறிய விரும்புவோர் ஆசியான் என்கேப் வெளியிடும் நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்க்கலாம். 2011-இல் அமைந்த இத்திட்டத்தில், நம் நாட்டின் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மைரோஸுக்குப் பங்குண்டு. குழந்தைப் பயணிகளுக்கான பாதுகாப்பு அதில் தனியாக மதிப்பிடப்படுகிறது. சோதனை முறை அவ்வப்போது கடுமையாக்கப்பட்டு வருவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் தேடத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னால் போதும்.

அந்தக் குடும்பத்தின் வண்டியை அடுத்த மாதம் மீண்டும் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. இரண்டாம் வரிசையின் அகலம் 136 சென்டிமீட்டர். தந்தை உயரம் குறைந்தவராதலால், அவர் முதுகுக்குப் பின்னால் கைக்குழந்தையின் கூடை பின்னோக்கி அமைந்தது. நடுவில் மகளின் இருக்கை, வார்ப்பட்டையால் கட்டப்பட்டது. இரண்டுமாக 89, மீதி 47 சென்டிமீட்டரில் இடப்பக்க ஓரமாகத் தாய். அந்த இருக்கை தனியே மடியும். அதை மடித்து மூத்தவன் மூன்றாம் வரிசைக்குப் போகிறான். அங்கே பாதி இருக்கையில் அவன், மற்றப் பாதி மடிக்கப்பட்டு அரிசிப் பையும் காய்கறிக் கூடையும். முன்னிருக்கையில் பாட்டி, ஏறி இறங்கச் சுலபமாக இருக்கிறது என்றார். கூடை வலப்பக்கம் அமைந்துவிட்டதால் பட்டணத்துச் சாலையோரத்தில் குழந்தையை இறக்குவது சற்றுத் தொல்லைதான். தாய் உள்ளிருந்தபடியே மகளின் இருக்கைக்கு மேலாகக் கைநீட்டித் தூக்கிக்கொள்கிறார்.

இருக்கைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று நாம் பிடித்து அசைத்துப் பார்த்தோம். வார்ப்பட்டை நுழையும் இடத்தில் பற்றி ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரலாகாது, நகரவில்லை. மகளின் தோள்வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பார்த்தோம், மடிப்பு விழவில்லை. வெயிலில் நின்ற வண்டியாதலால் பூட்டின் இரும்பு சுட்டது. பாட்டி அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்திருக்கிறார். அது எந்தக் கையேட்டிலும் இல்லாத நல்ல யோசனை. ஏற்றுமுன் பூட்டையும் வாரையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் அவர் வேலை.

சிறுமியின் நெற்றித் தழும்பு மங்கத் தொடங்கியிருக்கிறது. புறப்படுமுன் மூத்தவன் மூன்றாம் வரிசையிலிருந்து தம்பி, தங்கை, அம்மா, அப்பா, பாட்டி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பூட்டு 'டக்' என்று கேட்டால்தான் அடுத்த பெயர். கைக்குழந்தைக்காகத் தாய் பதில் சொல்கிறார். அந்த வீட்டில் அதற்கும் பெரட்டு என்றுதான் பெயர்.